ஒழுகாத வீடு

1932-ல் மகள் செல்லபாய் காய்ச்சலில் இறந்தபின், சத்தியநேசனும் ராகேலும் தம்பானூர் வீட்டைப் பூட்டிவிட்டு நாகர்கோவிலுக்குப் போய்விட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் மொட்டைமாடியைப் பழுதுபார்க்கக் கொத்தனாரோடு வந்து பூட்டைத் திறந்தார்கள். ஒழுகிய இடங்களிலெல்லாம் பாத்திரங்கள் இருந்தன. ஒன்றும் நிரம்பி வழியவில்லை. மழை நாட்களில் ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைப்பதும், நிரம்புமுன் கொட்டுவதும் உயிரோடிருந்தபோது செல்லபாயின் வேலை.

“ஒரு ஓட்டைய மட்டும் விட்டிருங்க. பிள்ள வந்து போகட்டு,” என்றாள் ராகேல்.

“வீடு இடிஞ்சு போவும்டீ,” என்று சத்தியநேசன் எல்லாவற்றையும் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வைத்தார்.

மறுவருஷ மழையில் வந்தபோது தரை காய்ந்து கிடந்தது. போன வருஷம் அவர்கள் தரையிலேயே விட்டுப்போன பாத்திரங்கள் அடுக்களையில் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. ராகேல் கடப்பாரையோடு மாடியேறினாள். சத்தியநேசன் தடுக்கவில்லை. அவள் இறங்கி வருவதற்குள் இடித்த ஓட்டை வழியே மழை கொட்டியது.

“மக்ளே, வீடு நனையுது,” என்று கூப்பிட்டாள்.

தண்ணீர் அறை முழுக்கப் பரவி இருவரின் கால்களையும் நனைத்தது. அடுக்களையில் பாத்திரம் எடுக்கும் சத்தமே இல்லை.