மரத்துக்காக ஒரு பதில்

இந்த மண்ணில் என்ன இருக்கிறதென்று இந்த மரத்திடம் காய் கேட்கிறார்கள் என்று நினைத்தாள் பொற்கொடி. வீடு கட்டி மிஞ்சிய செங்கல் சல்லியின்மேல் நட்ட மாமரம். உதிர்ந்த சருகைக்கூட அதற்கு விடாமல், வாசல் சுத்தமாக இருக்க வேண்டுமென்று தினமும் அவளிடம் அதைக் கூட்டி எரிக்கச் சொல்வாள் அத்தை. வெயிலுக்குக் குறைவில்லை. அதை வாங்கி உணவு சமைக்க இலைகளில் போதிய பச்சைதான் இல்லை. இலைகள் வெளிறி, சிறுத்து, தோல்போலத் தடித்திருந்தன.

காய்க்காத மரத்தை மிரட்டுவது அந்த வீட்டு வழக்கம். ஒருத்தி அரிவாளை ஓங்க, இன்னொருத்தி பின்னால் நின்று மரமாகப் பதில் சொல்ல வேண்டும்.

"காய்ப்பியா, வெட்டிப் போடட்டுமா?" அத்தை அரிவாளை ஓங்கினாள்.

மரத்துக்குப் பின்னால் நின்ற பொற்கொடி வாய் திறக்கவில்லை.

"ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? இந்த வருசம் காய்க்கேன்னு சொல்லு. கல்யாணமாகி ஆறு வருசமாச்சு, உனக்கும் சேத்துச் சொல்லு."

படியில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் சிரித்தான்.

பொற்கொடி மரத்தைச் சுற்றி வந்து அரிவாளுக்கு எதிரே நின்றாள்.

"சொல்ல மாட்டேன் அத்தை," என்றாள், மெதுவாக.