பங்க் வாசலில் நின்ற பஸ்

"ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க? கூச்சப்படாம சொல்லுங்க."

பெரியவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். "வழக்கம் போலதான் சிஸ்டர்."

"ரத்தம் போகுதா?"

"சேச்சே! அதெல்லாம் ஒண்ணுமில்ல."

நர்ஸ் பேனாவை மூடினாள். மூன்று மாதமாக ரத்தம் போகிறது, கேட்டால் மழுப்புகிறார் என்று அவர் மகள் வாசலிலேயே அழுதுவிட்டுப் போயிருந்தாள். குடல் பரிசோதனைப் பிரிவில் பதினைந்து வருட சர்வீஸ். பொய் சொல்கிற வயிறுகளை ஆளின் முகத்தை வைத்தே நர்ஸ் கண்டுபிடித்துவிடுவாள்.

பெரியவர் மெல்லக் கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினார். "இன்னொரு நாள் வரேன்மா. இதையெல்லாம் போய் ஒரு பொம்பளைப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?"

"ஒரு நிமிஷம் இருங்க. நான் என் கதையைச் சொல்றேன். கேட்டுட்டு, அப்புறமும் போகணும்னா தாராளமா போங்க."

ஒரு காலில் மட்டும் செருப்போடு அவர் நின்றார்.

"பத்து வயசுல எனக்குக் குடல்ல புண். வயித்தைக் கலக்கினா ரெண்டு நிமிஷம் தாங்காது. ஸ்கூல் பஸ்லயோ முக்கால் மணி நேரம் போகணும். வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்னு எங்கம்மா யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டாங்க."

"அடப்பாவமே! அப்புறம் என்னதான் பண்ணினீங்க?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. "பஸ்தான் காப்பாத்துச்சு! சரியான ஓட்டை பஸ். வாரத்துல ரெண்டு மூணு நாள், மேடு ஏறிப் பெட்ரோல் பங்க் வாசலுக்கு வந்ததும் பொசுக்குன்னு நின்னுடும். பசங்க எல்லாரும் குதிச்சு இறங்கி, தள்ளு தள்ளுன்னு ஒரே கூத்து. அந்தச் சந்தடியில நான் பங்க்குக்குப் பின்னாடி இருந்த கக்கூஸுக்கு ஓடிடுவேன். நான் வந்து ஏறவும் வண்டி கிளம்பவும் சரியா இருக்கும். அப்படி ஒரு ராசி எனக்கு!"

சொல்லும்போதே அந்தக் காலை நேரம் அவள் கண்முன் வந்து நின்றது. டீசல் வாசனை, சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டில்கள், ஜன்னலுக்கு அடிதடி. வலியோடு வளர்ந்த வருடங்கள்தான். ஆனாலும் அந்த பஸ்ஸை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் மனம் குளிர்ந்தது.

"டிரைவர் யாரு? ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் பெரியவர்.

"அவருக்குத் 'தள்ளுவண்டி'ன்னு பேர் வச்சிருந்தோம். முகம் ஞாபகமில்ல. தினமும் பார்த்தது பின்னங்கழுத்தைத்தானே!" அவள் குரல் இறங்கியது. "நான் எட்டாவது படிக்கும்போது, டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு எல்லாரும் ஹெட்மாஸ்டர்கிட்ட புகார் கொடுத்தாங்க. என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு என்னைத்தான் எழுதச் சொன்னாங்க. எனக்கு மனசே இல்ல. ஏன் மாட்டேங்கிறன்னு கேட்டா என்ன பதில் சொல்றது? எழுதிட்டேன். மறுவாரமே வேற டிரைவர் வந்துட்டார். வண்டி அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. நான்தான் பாதி நாள் லீவு போட்டேன்."

பெரியவர் இன்னொரு செருப்பைத் தேடுவதை விட்டார்.

"வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கு நான் பட்டது போதும்யா. நீங்களும் மறைக்காதீங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். "எட்டுத் தடவை போகுது. ரத்தமும் போகுது. எழுதிக்கோங்க."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மளமளவென்று எழுதிக்கொண்டே கடைசிக் கேள்விக்கு வந்தாள். "என்ன வேலை பார்த்தீங்க?"

அவர் அவள் எழுதிய தாளையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து அப்படியே இருக்கு பாப்பா. அன்னைக்கு ஹெட்மாஸ்டர் அந்தக் கடுதாசியை என் கையில கொடுத்துப் படிக்கச் சொன்னார்" என்றார். "அந்த வண்டிக்கு ஒரு கோளாறும் இல்ல. கண்ணாடியில உன் முகம் வெளுக்கிறதைப் பார்த்ததும், நான்தான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைச்சுடுவேன்."