ஒருக்கா ஓடிப் பாப்பம்

“ஓடிப் பாக்காமல் ஒரு சைக்கிள்கூட நான் எடுத்ததில்லைத் தம்பி. ஜெட்டை மட்டும் படத்தைப் பாத்து வாங்கேலுமோ?”

தர்மபுரத்துத் தில்லைநாதன் கேட்டதில் பிழை சொல்ல முடியாது. தனியார் ஜெட் விற்கவென்று கொழும்பிலிருந்து வந்திருந்த பிரசாந்தன் தலையை ஆட்டினான். “இந்த முறையும் விக்காட்டில் வேலைக்கு வராதை” என்று சொல்லித்தான் முதலாளி அனுப்பியிருந்தார். ஆள் வயல்காரர்தான். ஆனால் பிள்ளைகள் எல்லாம் கனடாவில், ஆர் கண்டது?

“ஓடிப் பாப்பம் ஐயா. சிங்கப்பூர் வரைக்கும் ஒரே மூச்சில போகும்.”

“சிங்கப்பூரில எங்களுக்கென்ன கிடக்கு?” தேத்தண்ணியோடு வந்த மனைவி பத்மாசனி இடையில் புகுந்தா. “மாங்குளத்துக் காட்டுப் பக்கம் ஒரு சுத்துச் சுத்தினால் காணும்.”

அடுத்த நாள் பலாலி விமான நிலையத்தில் ஏறினார்கள். பத்மாசனி இருக்கையை மெல்லத் தடவிப் பார்த்தா.

“இது என்ன தோல் தம்பி?”

“அசல் மாட்டுத்தோல் அம்மா! இத்தாலிச் சாமான்!”

அவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சைவ ஆக்கள், வாயைக் குடுத்துக் கெடுத்துப்போட்டனே என்று பிரசாந்தன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“வேண்டாமெண்டால் துணியில போட்டுத் தாறம் அம்மா.”

விமானம் எழும்பியது. கட்டிலாக விரிகிற கதிரையை அவன் விரித்துக் காட்டினான். பொன்முலாம் பூசிய தண்ணீர்க் குழாயைத் திறந்து காட்டினான். இரண்டு பேரும் திரும்பியும் பார்க்கவில்லை. ஆளுக்கொரு யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் பதிவா ஓடச் சொல்லுங்கோ,” என்றார் தில்லைநாதன்.

“இதுக்குக் கீழ போனால் மரம் தட்டும் ஐயா!”

“அப்ப மெல்லமாவது ஓடட்டுமன்.”

“ஐயா, இது ஜெட். வயல் உழுகிற லாண்ட்மாஸ்டர் இல்லை!”

“லாண்ட்மாஸ்டரெண்டால் இவ்வளவுக்கு நான் இறங்கிப் பாத்திருப்பன்,” என்று முணுமுணுத்தார் அவர்.

காட்டுக்கு மேலே திரும்பவும் ஒரு சுற்று. பிறகு இன்னொன்று. விமானமோட்டி திரும்பிப் பார்த்து முறைத்தான். நாளைக்கு வேலை இல்லை என்று பிரசாந்தன் முடிவே கட்டிவிட்டான்.

அப்போதுதான் பத்மாசனி துள்ளி எழும்பினா.

“இஞ்சாருங்கோ! இந்தப் பக்கம் வந்து பாருங்கோ!” இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினா. கண்ணால் நீர் பொலபொலவென்று ஓடியது. “வற்றாப்பளை அம்மாளாச்சி, என்ரை வயித்தில பாலை வாத்துப்போட்டாய்!”

தில்லைநாதன் எட்டிப் பார்த்தார். அவருடைய முகமும் மலர்ந்துவிட்டது.

பிரசாந்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒப்பந்தத்தையும் பேனையையும் ஒன்றாக நீட்டினான்.

“பிடிச்சுப்போச்சு என்ன ஐயா? அப்ப ஒரு கையெழுத்துப் போடுவமே?”

தில்லைநாதன் பேனையைத் தொடவில்லை. தோளில் கிடந்த சால்வையை உதறித் தலையில் இறுக்கிக் கட்டினார்.

“அது கிடக்கட்டும் தம்பி. எங்கட துலைஞ்ச மாடுகள் அந்தக் குளத்தடியில நிக்குது; கெதியா இறக்குங்கோ, வீட்டுப் பக்கம் சாய்ச்சுக்கொண்டு போவம்!”