நெட்டை என்ன சொல்கிறாள்?

"அவளுக்கு இந்த ஸ்கூல் ரொம்பப் பிடிச்சிருக்காம் சார். காலையில பஸ்லதான் கூட்டம் தாங்கலையாம்."

அந்த ஊர்க்காரர்களின் மொழியில் வாயாடி மூச்சு விடாமல் மொழிபெயர்த்து முடித்தாள். பக்கத்தில் நின்ற நெட்டைப் பெண் தன் மொழியில் இன்னும் ஏதோ சேர்த்துச் சொன்னாள். உதவித் தலைமை ஆசிரியர் பேனாவை மூடியபடி, "இப்ப என்ன சொல்றா?" என்றார்.

"உங்களுக்கு நன்றி சொல்றா சார்."

சத்தியமாக அதில் ஒரு வார்த்தைகூட வாயாடிக்குப் புரியவில்லை. நெட்டை பேசுவது எந்த நாட்டு மொழி என்பதே அவளுக்குத் தெரியாது.

எல்லாம் ஆபீஸ் கிளார்க் பார்த்த வேலை. நெட்டை வந்து சேர்ந்த அன்று, இருவரின் சுருட்டை முடியையும் மாநிறத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ஆளு மாதிரி தெரியுது, நீயே பாத்துக்கோம்மா" என்று பிடித்துக் கொடுத்துவிட்டார். வாயாடியும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டாள்.

ஆட்டாமல் என்ன செய்வாள்? அந்தப் புறநகர்ப் பள்ளியில் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். வாசல் பலகையில் எல்லா மொழியிலும் வரவேற்றிருந்தார்கள். உள்ளே சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைக்கு ஒரு மொழி. தமிழுக்கு மேஜை இல்லை. சேர்ந்த நாளிலிருந்து மாடிப்படிக்கு அடியில் தனியாக உட்கார்ந்துதான் டப்பாவைத் திறந்தாள்.

வாயாடி என்ற பட்டமெல்லாம் வீட்டோடு சரி. வகுப்பில், தன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயந்து ஊர் மொழியில் வாயே திறக்கமாட்டாள். நெட்டை வந்த பிறகு இருவருக்குமாக ஓரத்தில் ஒரு மேஜை கிடைத்தது. இவள் தமிழில் கொட்டித் தீர்ப்பாள், அவள் தன் மொழியில் கொட்டித் தீர்ப்பாள். புரியாவிட்டால் போகிறது, துணை என்று ஒன்று இருக்கிறதே!

"ரொம்ப நல்லது. இனிமே உனக்குச் சிரமம் இல்ல," என்றார் உதவித் தலைமை ஆசிரியர். "உங்க கிளாஸ் டீச்சர் கேட்டாங்கன்னு ஒரு டிரான்ஸ்லேட்டரை வரச்சொல்லியிருக்கு. இப்ப வந்துடுவாங்க. ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க."



வராந்தா பெஞ்சில் வாயாடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர்க் குழாய் வரை போய்க் குடிக்காமலே திரும்பினாள். அளந்தது கொஞ்சமா நஞ்சமா? நெட்டைக்குப் பாட்டு என்றால் உயிர் என்று இவள் விட்ட கதையை நம்பி, அவளைப் பாட்டுக் குழுவில் வேறு சேர்த்துவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் யார் எதை எதற்குச் செய்கிறார்கள் என்பதே பிடிபடாது. பந்தைக் கண்டாலே பயந்து ஓடுகிற வாயாடியைப் போன வாரம் யாரோ வாலிபால் அணியில் போட்டிருந்தார்கள்.

பொய் வெளுத்தால் அப்பாவைக் கூப்பிடுவார்கள். திட்டினால் திட்டட்டும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நெட்டையை அவள் மொழி பேசுகிற யாரோடாவது சேர்த்துவிட்டு, இவளைக் கழற்றி விடுவார்கள். மறுபடியும் மாடிப்படி. நினைக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது.

நெட்டையும் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்னடி பயம்? மாட்டப்போறது நான்தானே!" தமிழில் சுள்ளென்று விழுந்தாள் வாயாடி. உடனே மனசு கேட்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காத. நீ இல்லாம என்னால இங்க குப்பை கொட்ட முடியாது."

நெட்டை என்னவோ சொன்னாள். பிடித்த கையை அவளும் விடவில்லை.

வகுப்பு டீச்சரோடு ஒரு அம்மா வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. மொழிபெயர்ப்பாளரேதான். வாயாடி நெட்டையை முன்னால் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அந்த அம்மா நெட்டையைத் தாண்டி வந்து, இவள் தோளில் கை வைத்தார்.

"பயப்படாதம்மா. எதுவா இருந்தாலும் தமிழ்லயே சொல்லு. நான் டீச்சர்கிட்ட எடுத்துச் சொல்றேன்."

"எனக்கா? எனக்கு எதுக்குங்க? இந்த ஊர் பாஷை எனக்கு நல்லாவே வருமே!"

"உனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாதுன்னுல்ல டீச்சர் சொன்னாங்க! நீ பேசறதையெல்லாம் இத்தனை நாளா உன் ஃப்ரெண்டுதான் தனியா வந்து அவங்களுக்குப் புரிய வைக்கிறாளாமே?"

வாயாடி வாயைப் பிளந்தபடி திரும்பினாள். நெட்டை தலையைக் குனிந்துகொண்டு, பிசிறில்லாத ஊர் மொழியில், இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

"உன்கூட உக்காந்து சாப்பிடத்தான் நானும் புளுகினேன்டி."