அப்பாவின் அறையில் இகுவானா

அப்பாவின் அறைக்கதவைத் திறந்ததும் மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஆளுயரக் கம்பிக்கூண்டு. உள்ளே, முதுகு நெடுக முள்ளும் தாடைக்குக் கீழே தொங்கும் தோலுமாக ராட்சத ஓணான் மாதிரி ஒரு பச்சை இகுவானா. உடம்பைவிட வால் நீளம்.

"உன் அண்ணிதான் வாங்கிட்டு வந்தா" என்றார் அப்பா, பெருமையாக.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். வந்தால் குறை கண்டுபிடிக்காமல் போனதில்லை. இந்தத் தடவை தேடவே வேண்டியிருக்கவில்லை. கூண்டின் மேல் கையை வைத்தாள்.

"மேலேர்ந்து கையைக் கொண்டு போகாதம்மா. உச்சந்தலையில அதுக்கு இன்னொரு கண்ணு இருக்கு. உருவம் தெரியாது, நிழல் தெரியும். பருந்துன்னு மிரண்டா வாலையே கழட்டிப் போட்டுட்டு ஓடிடும்."

இகுவானா தும்மியது.

"சளி பிடிச்சிருக்காப்பா?"

"சளி இல்ல. உடம்புல மிஞ்சின உப்பைத் தும்மித்தான் வெளியேத்தும்."

"இந்தக் கண்றாவியெல்லாம் உங்களுக்கு எதுக்கு? பேசாம என்கூட வந்துடுங்க."

"நான் வந்துட்டா இதை யார் பாத்துப்பா? குளிர் இதுக்கு ஆகவே ஆகாது. தின்னது செரிக்காது, கைகால் விறைச்சுக் கிளையிலேர்ந்து விழுந்துடும். ரூம் ஹீட்டரை அணைக்கவே கூடாதுன்னு உன் அண்ணி கண்டிப்பா சொல்லியிருக்கா."

மகள் விடுவிடுவென்று சமையலறைக்குப் போனாள். அண்ணி இகுவானாவுக்குக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லாருக்கு அண்ணி. நீங்க ஆசைப்பட்டு வளர்க்கறதுக்கு எங்கப்பா காவல்காரர். இத்தனை பெரிய வீட்டுல அவர் ரூம்தான் கிடைச்சுதா? நாளைக்கே அவரைக் கூட்டிட்டுப் போறேன்."

"ஆசையா?" அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். "பல்லி கத்தினாலே எனக்குக் கைகால் உதறும். கூண்டுக்குள்ள தட்டை வைக்கறப்ப கண்ணை இறுக்கி மூடிக்குவேன்."

"அப்புறம் எதுக்கு வாங்கினீங்க?"

"போன குளிர்காலம் பூரா மாமா முட்டி பிடிச்சுக்கிட்டு நடக்க முடியாமக் கிடந்தார். ஹீட்டரைப் போட்டுட்டு நான் இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள, 'எனக்கென்ன, நோயாளியா?'ன்னு அணைச்சிடுவார். நான் கெஞ்சியும் பாத்தாச்சு, உங்க அண்ணன் சண்டை போட்டும் பாத்தாச்சு."

நறுக்கிய கீரையைத் தட்டில் வாரிப் போட்டாள்.

"இது வந்ததுலேர்ந்து அவர் அணைக்கறதே இல்ல."