குதிக்கிற எழுத்து

வேதகிரிக்குக் குனியவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. பிடரியில் யாரோ கடப்பாரையை விட்டு நெம்புவது போல இருந்தது. எட்டு ஊர் ஆடித் திருவிழா நோட்டீஸை, காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடித்ததன் பலன்.

அந்த நேரம் பார்த்து பச்சமுத்து கடைக்குள் வந்து நின்றான்.

சாலவாக்கத்துக்கு அப்பால் காலனிக்காரன். கூலி வேலை. பத்து நாளைக்கு முன்னால் காய்ச்சலில் செத்துப்போன மகளுக்கு, உத்திரமேரூர் வந்து இதே கடையில்தான் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக்கொண்டு போனான்.

வேதகிரிக்கு அன்று செய்தது ஞாபகம் வந்தது.

யாரோ ஒரு பணக்காரப் பிள்ளையின் பிறந்தநாள் போஸ்டர் கம்ப்யூட்டரில் கிடந்தது. பழையதைத் திருத்தி அடிப்பதுதான் கடை வழக்கம். அந்தப் பிள்ளையின் போட்டோவை எடுத்துவிட்டு இந்தப் பெண்ணுடையதை வைத்தான். பெயரை மாற்றினான்.

எழுத்தை மாற்ற மறந்துபோனான்.

அது குதிக்கிற எழுத்து. ஒன்றுகூடக் கோட்டில் நிற்காது. ஒன்று எகிறும், ஒன்று சாயும், புள்ளியெல்லாம் பலூன் மாதிரி உப்பிக்கொண்டிருக்கும். காதுகுத்து, பிறந்தநாள், பால்வாடி ஆண்டுவிழா, ஐஸ் வண்டி எல்லாவற்றுக்கும் அதுதான். 'அந்த ஜாலி எழுத்துல போடுபா' என்று கேட்டு வாங்குவார்கள்.

முதல் தாள் வெளியே வந்தபோதே தெரிந்துவிட்டது. 'கண்ணீர் அஞ்சலி' கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மாற்ற ஐந்து நிமிஷம் ஆகும். கரண்ட் போகிற நேரம். காலனியில் எவன் படிக்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டான். அன்றும் இதே கழுத்துவலி. குனிந்து தாளின் மிச்சத்தைப் பார்க்கவில்லை. ஐம்பது தாளும் ஓடிவிட்டது.

பச்சமுத்து மடித்து வைத்திருந்த தாளை மேஜைமேல் விரித்தான்.

"பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பசங்க இத்தப் பார்த்துட்டு சிரிச்சிக்கினே போனானுங்க சார். இன்னா எழுதிக்கீதுன்னு யாரைக் கேட்டாலும், எழுத்து சோக்கா கீதுன்றாங்களே கண்டி, படிச்சிக் காட்ட மாட்டேன்றாங்க. எங்க வூட்ல படிக்கத் தெரிஞ்சது எம்பொண்ணு ஒண்ணுதான். நீயே படி சார்."

வேதகிரி படித்தான். கண்ணீர் அஞ்சலி. கீர்த்தி. வயது ஒன்பது. நான்காம் வகுப்பு. இறந்த தேதி.

நிறுத்தினான்.

"அவ்ளோதானா? அடியில இன்னொரு வரி கீதே."

வெடிப்பு விழுந்த விரல் அந்த வரிமேல் நின்றது. வேதகிரி அப்போதுதான் குனிந்து அதைப் பார்த்தான். கழுத்து சுரீரென்றது.

"அது... எங்க கடை பேருபா."

"அப்டியா." பச்சமுத்து அந்த வரியை ஒருதரம் தடவினான். "அதுவும் சோக்காத்தான் குதிக்கிது. வர்றேன் சார்."

பழைய மடிப்பு மாறாமல் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

பச்சமுத்துவுக்கு வேதகிரி படித்துக்காட்ட வேண்டிய பாக்கி இன்னும் ஒரு வரி இருக்கிறது:

'இன்றுபோல் என்றும் சிரித்து வாழ்க!'