கரிக்குட்டி

மரக்கரண்டி ஆர்கன் ஆன்ட்டியின் கைக்கு வந்து சேர்ந்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் அதை இறுகப் பிடித்துக்கொண்டு பேசியிருந்தார்கள்.

சபைச் சமையலறையிலிருந்து அதை எடுத்து வந்தவர் போதகர். யார் கையில் கரண்டியோ அவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள் காதைத் திறந்து வாயை மூட வேண்டும். சட்டம் போட்ட போதகருக்குத்தான் அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வேறு தேசத்திலிருந்து வந்து குடியேறிய கறுப்புக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டிருந்தன. ஏன் என்று கேட்கத்தான் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹாலில் இந்த நாற்காலி வட்டம்.

இது விசாரணை இல்லை, தண்டனையும் கிடையாது என்றார் போதகர். காயப்பட்டவர் பேசட்டும், காயப்படுத்தியவர் கேட்கட்டும், பிறகு எல்லோருமாகச் சேர்ந்து சரிசெய்வோம்.

தான் உட்காரும் பெஞ்சில் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருப்பதை ஒருவர் சொன்னார். இன்னொருவர் தன் சொந்தக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் கோட்டும் டையுமாக வந்திருக்கிறார். சாமான் இறக்குகிறவர்கள் பின்பக்கமாகப் போக வேண்டும் என்று அவரை வாசலில் நிறுத்திவிட்டார்களாம்.

ஆராதனையில் ஆர்கன் வாசிக்கிற ஆன்ட்டி ஒவ்வொன்றுக்கும் உச்சுக்கொட்டினாள். கைக்குட்டை நனைந்துவிட்டது. இப்படியும் மனுஷர்களா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் கரண்டி அவளுக்கு முந்தின நாற்காலிக்கு வந்தது. அங்கே இருந்தவளும் அப்படிக் குடியேறி வந்தவள்தான். டவுன் பஸ் ஓட்டுகிறவள். கொயரில் பாடுகிறவள். ஆன்ட்டியின் செல்லப்பிள்ளை. அவளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, புருஷன் வந்து சேரும்வரை கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது ஆன்ட்டிதான்.

"பாப்பாவ இந்த வருஷம் ஸ்கூல்ல சேத்தோம்," என்று ஆரம்பித்தாள் பஸ்காரி. "வீட்டுல நாங்க பாப்பான்னுதானே கூப்பிடுறோம். மிஸ் பேரு கூப்பிட்டிருக்காங்க, இவ எந்திரிக்கவே இல்ல. கிட்ட வந்து உன் பேரு என்னம்மான்னு கேட்டதுக்கு, கரிக்குட்டின்னு சொல்லியிருக்கா. கிளாஸே சிரிச்சிருக்கு. என்ன ஏதுன்னு தெரியாம இவளும் சேந்து சிரிச்சிருக்கா."

யார் வைத்த பெயர் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. வட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது.

அவள் கரண்டியைப் பக்கத்தில் இருந்த ஆன்ட்டியிடம் நீட்டினாள்.

கொயருக்கு வந்த முதல் நாளே ஆன்ட்டி அவளை "என் கரிக்கட்டை" என்றுதான் அணைத்துக்கொண்டாள். கொயர் அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு சபையே பிடித்துக்கொண்டது. குழந்தை பிறந்ததும் அது கரிக்குட்டி ஆனது.

ஆசையாத்தானே கூப்பிட்டேன்! வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. ஆன்ட்டி அதை முழுங்கினாள்.

"ஏன்டி, இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

கரண்டி கையில் இல்லாமலேயே பஸ்காரி பதில் சொன்னாள். போதகர் தடுக்கவில்லை.

"சொன்னேன் ஆன்ட்டி. வந்த புதுசுலயே சொன்னேன். நீங்க சிரிச்சுட்டுக் கன்னத்தக் கிள்ளுனீங்க."

ஆன்ட்டிக்கு ஞாபகம் வந்தது. ஆர்கன் மூடியைச் சாத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் பக்கத்தில் வந்து தயங்கித் தயங்கி ஏதோ சொன்னாள். அந்தக் கன்னம் எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பதுகூட விரலுக்கு ஞாபகம் இருந்தது. அவள் சொன்னதுதான் காதில் ஏறவில்லை.

"அப்புறம் என்னால சொல்ல முடியல. பெத்தவ மாதிரி பாத்துக்கிட்டீங்க. இத மட்டும் வேணாம்னு எப்படி எடுத்து வைக்கிறது?" பஸ்காரி வாசல் பக்கம் பார்த்தாள். "என்னை விடுங்க. எம்பொண்ணுக்கு அவ பேரு வேணும். அவ்வளவுதான்."

ஆன்ட்டி எழுந்தாள். முழங்கால் இரண்டும் முனகின. கரண்டியை நாற்காலியிலேயே வைத்துவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தாள். எங்கே என்று கேட்கப் போதகர் வாயைத் திறந்தார், கரண்டி ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். பஸ்காரி மட்டும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

வெளியே, வண்டி நிறுத்தும் இடத்துக் கம்பியில் குழந்தை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆன்ட்டி அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

நாக்கு புரள மறுத்தது. குழந்தை திரும்பவில்லை.

இன்னும் கிட்டப் போனாள். ஆர்கனுக்கு மேலே எழும்பக் கொயருக்குச் சொல்லிக்கொடுக்கிற அந்தக் குரலில், முழுப் பெயரையும் திரும்பச் சொன்னாள்.

குழந்தை கம்பியிலிருந்து குதித்து வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. ஆன்ட்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

"ஆன்ட்டி, அது உங்க பேராச்சே! உங்க வீட்டு மாமா உங்கள அப்படித்தானே கூப்பிடுவாரு?"

ஆன்ட்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உன் பேரும் அதான்டா தங்கம். நீ பொறந்தப்ப, ஆஸ்பத்திரியில வச்சு உங்கம்மா எங்கிட்ட கேட்டு வாங்குன பேரு. நான்தான் உனக்குக் குடுக்காம வச்சுக்கிட்டேன்."

குழந்தை யோசித்தது. பிறகு, துரு ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு நீட்டியது.

"அப்ப இப்ப குடுங்க."